முல்லைக்கொல்லைக்கு மீன் அமிலம்

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்துக்கு மாமியார் நல்ல தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. மீன் அலசிய தண்ணீர்தான். முதல் அலசல் கறிவேப்பிலைக்கு, இரண்டாம் அலசல் மருதாணிக்கு, மூன்றாவதை வாழையடியில் வீசிவிடுவார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது பிடிக்காது. கொல்லைப்புறம் போனாலே கவிச்சி அடிக்கும். ஆனால் தெருவில் யார் வீட்டில் தாளிக்க வேண்டுமென்றாலும் எங்கள் மரத்துக்குத்தான் ஆள் வரும். இலை அப்படிக் கருகருவென்று இருக்கும்.

இப்போது நானே வருடத்துக்கு முப்பது நாற்பது கிலோ மீன் கழிவை வெல்லத்தோடு டிரம்மில் போட்டு ஊற வைத்து மீன் அமிலம் எடுக்கிறேன். தண்ணீரில் கலந்து செடிக்குக் கொடுக்கும் பயிர் ஊக்கி அது. மாமியார் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

வேதாரண்யத்துக்கு மேற்கே மணல் பூமி எங்களுடையது. இரண்டு மா முல்லை, ஒரு மா காய்கறி (மா என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர்), சுற்றிலும் தென்னை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னையில் முக்கால்வாசி விழுந்துவிட்டது. முல்லைக்கொடிகளை மண்ணோடு சேர்த்துப் பிடுங்கிப் போட்டிருந்தது காற்று. திரும்ப நட்டபோது உரம் வாங்கக் கையில் காசில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணன் மகன் பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் இயற்கை விவசாயப் பயிற்சிக்கு அழைத்துப் போனான். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30ஆம் தேதி காலமானது பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து அத்திவெட்டியில். அந்த வட்டாரத்தில் இன்றும் இந்தப் பேச்சுக்கு ஆள் சேரும்.

மீன் அமிலம் பற்றி அங்கே கொடுத்த தாளில் இரண்டே வரி: மீன் கழிவு 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, 21 நாள். கொரியாவில் சோ ஹான் கியு என்பவர் வளர்த்தெடுத்த இயற்கை வேளாண் முறையிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு வரியில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் முதல் டிரம்மைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டிவரும். நான் புதைத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கழிவை எங்கே வாங்குவது, எதை ஒதுக்குவது

அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடி சீசன். வெளியூர்ப் படகுகளும் வந்து தங்கித் தொழில் செய்யும். காலா, வாவல், ஷீலா, மத்தி என்று வந்து குவியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகு, நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கும் என்றாலும் மீன் விலை ஏறிவிடும், தலையைக்கூடக் குழம்புக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள், கழிவு குறைந்துவிடும். ஆகவே தை மாசியிலேயே போட்டு வைத்துவிட வேண்டும். சித்திரையில் தேடினால் கிடைக்காது.

நான் வாங்குவது மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கும் ஓர் அக்காவிடம். முதல் நாள் வாளியோடு போய் நின்றபோது நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, கோழிக்கா?"

"இல்லக்கா, பூவுக்கு."

"பூவுக்கா? சாமிக்குப் போற முல்லைக்கு மீனா? நல்ல கதையா இருக்கே!"

சிரித்துக்கொண்டே அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமல் வாளியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கென்று ஒரு வாளி தனியாக வைத்திருக்கிறார். காசு வாங்க மாட்டார். நான் கத்தரிக்காயோ வெண்டைக்காயோ கொண்டுபோய்க் கொடுப்பேன்.

தலை, குடல், செவுள், துடுப்பு, தோல், முள்ளில் ஒட்டிய சதை எல்லாம் ஆகும். குடலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், டிரம்மில் வேலை செய்வதே அதுதான். மீனின் குடலில் இரை செரிக்க இருக்கும் நொதிகள், மீன் செத்த பிறகு அதன் சதையையே கரைக்க ஆரம்பிக்கும். வெறும் தலையும் முள்ளுமாகப் போட்ட டிரம் எனக்கு ஐம்பது நாள் ஆகியும் கரையவில்லை. குடல் சேர்ந்தது ஒரு மாதத்தில் தேன் மாதிரி ஆகிவிட்டது. கொழுப்பு மீன் மட்டுமே போட வேண்டாம். மத்திக் கழிவில் எண்ணெய் அதிகம். அந்த எண்ணெய் மேலே மிதந்து, பிறகு தெளிப்பான் மூக்கை அடைக்கும். கலந்து போடுவது நல்லது.

ஒதுக்க வேண்டியவை மூன்று. ஒன்று, கருவாட்டுக் கழிவும் உப்புப் போட்ட மீனும். எங்கள் நிலத்தடித் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரிக்கிறது, அதில் இன்னும் உப்பைக் கொண்டுவந்து கொட்டக்கூடாது. இரண்டு, பேத்தை மீன். வலையில் சிக்கி வந்து கழிவோடு கிடக்கும். அதன் குடலும் ஈரலும் ஆளைக் கொல்லும் விஷம். அதைத் தொட்டுப் பிசைவானேன்? தனியே எடுத்துப் புதைத்துவிடுவேன். மூன்று, இறால் ஓடு. அது கெட்டது என்பதால் அல்ல, இந்த டிரம்மில் அது கரையாது என்பதால். அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கெளுத்தி இருந்தால் கவனம். அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தினால் கடுக்கும். எனக்கு இடது கை கட்டைவிரல் இரண்டு நாள் மடங்கவில்லை. கனமான ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது குச்சியால் கிளறி முள்ளைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

கழிவை அன்றைக்கே போட வேண்டும். காலையில் வாங்கி மாலையில் பார்க்கலாம் என்று வைத்தால் ஈ முட்டையிட்டுவிடும். ஐஸ் பெட்டியில் வந்ததானால் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். ஒரு முறை அலசினாலும் போதும், அலசிய தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

வெல்லத்தில் கை வைக்காதீர்கள்

என் முதல் டிரம் புதைகுழிக்குப் போனதற்கு ஒரே காரணம் கஞ்சத்தனம். கழிவு 10 கிலோ இருந்தது. வெல்லம் 10 கிலோ வாங்க மனசு வரவில்லை. மூன்று கிலோ போட்டேன். நான்காம் நாள் துணியைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாகப் புழு நெளிகிறது. ஆறாம் நாள் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து, "ஏம்மா, மாடு எதுவும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டார்.

வெல்லத்தை நாம் இனிப்புக்காகப் போடவில்லை, நுண்ணுயிருக்குத் தீனியாக மட்டும்கூட இல்லை. ஊறுகாயில் உப்பு என்ன செய்கிறதோ அதைத்தான் இங்கே வெல்லம் செய்கிறது. மீனுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அழுகல் கிருமிகள் அந்தப் பாகில் பெருக முடியாது. பாகைத் தாங்கக்கூடிய, புளிக்க வைக்கும் கிருமிகள் மட்டும் மெல்ல வேலையைத் தொடங்கும். புளிப்பு ஏற ஏற அழுகல் இன்னும் அடங்கும். வெல்லம் குறைந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். எடைக்கு எடை. கழிவில் ஈரம் அதிகமாக இருந்தால் அரை கிலோ கூடவே போடுவேன்.

ஆனால் நல்ல வெல்லம் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மளிகைக் கடையில் வெல்லம் கசிந்து சாக்கோடு ஒட்டிக்கொள்ளும், யாரும் வாங்க மாட்டார்கள். அதைப் பாதி விலைக்குக் கேளுங்கள். கருத்த வெல்லம், மண்டை வெல்லம், அச்சு உடைந்தது எல்லாம் ஆகும். பளீரென்ற மஞ்சள் வெல்லத்தை நான் வாங்குவதில்லை, நிறத்துக்காக மருந்து போட்டிருப்பார்கள். கருப்பட்டி கட்டுப்படியாகாது, அதைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போடுகிற நாள்

10 கிலோ கழிவு, 10 கிலோ வெல்லம், 35 லிட்டர் நீல டிரம், வாய் அகலமானது. இரும்பு, தகரம், அலுமினியம் எதுவும் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். மண்பானை ஆகும், ஆனால் எங்கள் தெரு நாய்கள் ஒரே இரவில் உருட்டிவிட்டன.

கழிவை இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டிக்கொள்வேன். பெரிய தலையை இரண்டாகப் பிளந்துவிடுவேன். வெல்லத்தை உலக்கையால் இடித்துத் தூளாக்கி, அதில் ஒரு கிலோவைத் தனியே எடுத்து வைப்பேன். அடியில் ஒரு கை வெல்லம், மேலே கழிவு, அதன்மேல் வெல்லம், மறுபடி கழிவு. கடைசியாகத் தனியே வைத்த அந்த ஒரு கிலோவை மேலே மூடாக்கு மாதிரிப் பரப்ப வேண்டும். மீன் ஒரு துண்டுகூட வெளியே தெரியக்கூடாது. தெரிந்த இடத்தில்தான் புழு வைக்கும். தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. "காய்ஞ்சு கெடக்கே" என்று தோன்றும், மறுநாளே பாருங்கள், தானாகத் தண்ணீர் விட்டிருக்கும்.

டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைத்துப் பொங்கும். வாயைப் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுவேன். மூடியைத் திருகி அடைக்க வேண்டாம், மேலே வைத்து ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் போதும். காற்று போக வழியில்லாமல் அடைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரை சொல்லும். 20 லிட்டர் கேனில் போட்டு இறுக மூடி வைத்தேன், பத்தாம் நாள் மதியம் டப்பென்று மூடி பறந்து கீற்றில் பட்டுத் தெறித்தது. மாட்டுக்குக்கூட இரண்டு நாள் குளிப்பாட்டல்.

நிழலில், வீட்டுக்குக் காற்று அடிக்காத திசையில் வையுங்கள். நான் புன்னை மரத்தடியில் வைத்துக் கரித்துண்டால் டிரம்மில் தேதி எழுதிவிடுவேன். எழுதாமல் விட்டால், "எப்பப் போட்டது, பொங்கலுக்கு முன்னயா பின்னயா" என்று வீட்டுக்காரரோடு சண்டை வரும்.

மூக்கால் பார்க்க வேண்டிய வேலை

முதல் பத்து நாள் தினம் ஒரு முறை மூங்கில் குச்சியால் அடிவரை கிண்டிவிடுவேன். கிண்டாமல் அப்படியே விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வருகிறது. எனக்குக் கிண்டினால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். குச்சியை எடுத்து மூக்கருகே கொண்டுபோவேன்.

முதல் இரண்டு மூன்று நாள் பச்சைக் கவிச்சி. மீன் மார்க்கெட் வாடை, பயமில்லை. நான்கு ஐந்தாம் நாளில் நுரை கட்டும், கவிச்சியோடு கள் புளித்த வாடை லேசாகக் கலக்கும். இது நல்ல அறிகுறி. பத்தாம் நாளுக்குள் புளிப்பு முந்திக்கொள்ளும். இருபதாம் நாள் தாண்டும்போது அழுகிய பலாச்சுளையும் வெல்லப்பாகும் கருவாடும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். 'வாசனை' என்று நான் சொன்னதும் என் மகள் எழுந்து போய்விடுவாள். ஆனால் அதில் வயிற்றைப் புரட்டும் அழுகல் நாற்றம் இருக்காது.

அழுகல் நாற்றம் என்பது வேறு. முட்டை கெட்டது போல, சாக்கடை போல இருக்கும். அது மூன்று நான்கு நாளுக்குள் தெரிந்தால், உடனே இரண்டு கிலோ வெல்லத்தைத் தூளாக்கிப் போட்டு நன்றாகக் கிண்டுங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். தென்னைக்கு ஐந்தடி தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சாம்பலும் சருகும் போட்டுப் புதைத்துவிடலாம். வீணில்லை, ஆனால் தெளிக்க ஆகாது.

மேலே வெள்ளையாகப் பூஞ்சைப் படலம் வந்தால் பதற வேண்டாம், கிண்டிவிட்டால் போதும். ஓரத்தில் இரண்டு புழு இருந்தாலும் எடுத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் வெல்லத்தூளைத் தூவுங்கள்.

எத்தனை நாள்? தாள் சொல்வது 21. பங்குனி வெயிலில் எனக்கு அதே 21, 22 நாளில் ஆகிவிடும். மார்கழிப் பனியில் 35 நாள்கூட ஆகியிருக்கிறது. சதை முழுக்கக் கரைந்து முள்ளும் செதிலும் மட்டும் மிஞ்சி, குச்சியில் எடுத்தால் தேன் போல வழுக்கி விழ வேண்டும். அண்ணன் மகன் ஒருமுறை புளிப்பை அளக்கும் பிஎச் தாள் கொண்டுவந்து நனைத்துப் பார்த்தான், நாலரை காட்டியது. அவன் மூஞ்சியில் ஒரு திருப்தி. நான் அதற்கு முன்னாலேயே மோந்து பார்த்துச் சொல்லியிருந்தேன்.

சீக்கிரம் ஆக வேண்டுமென்றால் ஒரு பப்பாளிக்காயைப் பாலோடு துருவிப் போடுங்கள். கறி வேக நாம் பப்பாளி போடுவதில்லையா, அதே சங்கதிதான்.

வடிகட்டுவதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். முதலில் கொசுவலையில், பிறகு வேட்டித்துணியில். வடித்ததை ஒரு நாள் அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே வரும், கரண்டியால் எடுத்துவிடலாம். 10 கிலோவுக்கு 10 கிலோ போட்டால் எனக்கு 12 லிட்டர் சொச்சம் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பங்கு இடம் விட்டு ஊற்றி, முதல் வாரம் மூடியைத் தளர்த்தியே வைப்பேன். நிழலில் ஆறு மாதம் இருக்கும். பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நிறம் கஷாயம் மாதிரி இருக்கும், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

மிஞ்சிய முள்ளின்மேல் இரண்டு கை வெல்லமும் மூழ்கும் அளவு தண்ணீரும் விட்டு ஒரு வாரம் வைத்தால் இரண்டாம் வடி கிடைக்கும். அது தங்காது, உடனே வேருக்கு ஊற்றிவிட வேண்டும். முள் தென்னையடிக்கு.

எவ்வளவு, எப்போது

பத்து லிட்டர் டேங்குக்கு 100 மி.லி. என்று பலரும் சொல்வார்கள். களிமண்ணும் கால்வாய்த் தண்ணீரும் உள்ளவர்களுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் மணலில், சித்திரை வெயிலில், மிளகாய்க்கு 100 அடித்தேன், இலை நுனி பொசுங்கிவிட்டது. இப்போது நாற்றுக்கு 30, காய்கறிக்கு 50, கவாத்து (கிளைகளை நறுக்கிவிடுவது) முடிந்த முல்லைக்கு மட்டும் 75 வரை. புதிதாக ஒரு பயிருக்கு அடிக்கும்போது நான்கு செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு. மாலை நாலு மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. பூச்சிமருந்தோடு கலக்க மாட்டேன். வேப்பெண்ணெய் அடிப்பதாக இருந்தால் நடுவில் நாலு நாள் விடுவேன்.

வேருக்கு என்றால் ஏக்கருக்கு 1 லிட்டரை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து பாசனத்தோடு விடலாம். மணலில் எதையும் ஒரே தடவையாகக் கொட்டினால் கீழே ஓடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை.

தை கடைசியில் முல்லையைக் கவாத்து செய்வோம். அடுத்த இரண்டு வாரத்தில் செந்துளிர் எட்டிப் பார்க்கும். அப்போது முதல் தெளிப்பு. பதினைந்து நாள் விட்டு இரண்டாவது, மூன்றாவது. துளிர் தடித்து, கணு நெருங்கி வருவது கண்ணுக்கே தெரியும். மொட்டு அரிசி அளவுக்குத் தெரிந்ததும் தெளிப்பானை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவேன். அதன் பிறகு வேருக்கு மட்டும்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வைகாசியில், அடுத்தடுத்து முகூர்த்தம், பூவுக்கு நல்ல விலை. இன்னும் நாலு மொட்டு கூட வரட்டுமே என்று பேராசைப்பட்டு சாயங்காலம் ஒரு டேங்க் அடித்துவிட்டேன். விடியற்காலை இருட்டில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பறித்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தினம் அந்த டிரம்மைக் கிண்டிக் கிண்டி மூக்கு பழகிப்போயிருந்தது. ஆறு கிலோ. ஈரத்துணியில் கட்டிக் கொண்டுபோய் வியாபாரியிடம் அவிழ்த்தேன். அவர் குனிந்தார், நிமிர்ந்தார்.

"என்னக்கா, கருவாட்டுக் கூடையிலயா கட்டிக் கொண்டாந்தீங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூ வெள்ளை வெளேரென்று, மொட்டு ஒவ்வொன்றும் நீள நீளமாக, அவ்வளவு அழகு. முகர்ந்தால் முல்லைக்குப் பின்னாலேயே மீன் வருகிறது. அதை எந்தச் சாமிக்குப் போடுவது, எந்தப் பெண் தலையில் வைப்பது? ஆறு கிலோவும் உரக்குழிக்குப் போனது. மார்க்கெட் அக்கா முதல் நாளே சொன்னது நினைவுக்கு வந்தது.

கீரைக்கும் இதே பேச்சுத்தான். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள். பச்சையாகத் தின்கிற வெள்ளரி, தக்காளிக்குக் காய் பிடித்த பிறகு இலைமேல் அடிக்காதீர்கள்.

இது சோறு இல்லை

முல்லையில் பலன் பார்த்த தெம்பில் அடுத்த வருடம் கத்தரிக்கு வாரம் தவறாமல் அடித்தேன். தொழுவுரம் போடவில்லை, மீன் அமிலம் இருக்கிறதே என்ற நினைப்பு. செடி இடுப்புயரம் வந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. பூவைத்தான் காணோம். அடியிலையில் அசுவினி அப்பிக்கிடந்தது. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் தண்டு இளசாக இருக்கும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து.

அண்ணன் மகன் வந்து பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போட்டான். மீன் கழிவில் புரதம் ஏறக்குறைய 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 150 கிராம். புரதத்தில் தழைச்சத்து 16 சதவீதம், ஆக 24 கிராம். யூரியாவில் 46 சதவீதம். "அப்படின்னா அத்தை, ஒரு கிலோ மீன் கழிவுல இருக்கிற தழைச்சத்து அம்பது கிராம் யூரியாவுல இருக்கிறதுதான்." நான் ஒரு வாளி கழிவுக்கு மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் சைக்கிளில் அலைந்ததெல்லாம் ஒரு நிமிடம் கண்முன் வந்தது.

"பின்ன எதுக்குடா செடி இப்படித் துள்ளுது?"

கரைந்த புரதம் அமினோ அமிலமாக இருப்பதால் இலை வழியாகவும் வேர் வழியாகவும் செடி சட்டென்று எடுத்துக்கொள்ளும், மண்ணில் உள்ள நுண்ணுயிருக்கும் வெல்லமும் மீனும் தீனி என்றான். சரி, ஊக்கி என்று பெயர் வைத்தது அதற்குத்தான். பிள்ளைக்கு டானிக் கொடுக்கலாம், டானிக் கொடுத்துவிட்டுச் சோறு போடாமல் இருக்க முடியாது. இப்போது மட்கிய தொழுவுரம், கொழிஞ்சித் தழை, வேப்பம்புண்ணாக்கு எல்லாம் முறையாகப் போகிறது. அமிலம் மூன்று தடவைக்கு மேல் இல்லை. தென்னை, வாழைக்கு இலையில் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இறால் ஓட்டை மறக்கவில்லை. இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டின் என்ற கெட்டிப் பொருள் வெல்லத்தில் கரையாது. அதை நொறுக்கிச் சாணத்தோடு உரக்குழியில் அடுக்கி மூன்று மாதம் விட்டு, கத்தரி தக்காளிப் பாத்தியில் போடுகிறேன். மணல் பூமியில் வேர்முடிச்சு நூற்புழுத் தொல்லை அதிகம். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகினால், நூற்புழு முட்டையின் ஓட்டிலும் கைட்டின் இருப்பதால் அதையும் சேர்த்துக் கரைக்கும். ஒரே நாளில் தெரியாது. இரண்டு வருடம் போட்ட பாத்தியில் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு குறைந்திருக்கிறது.

வெல்லமே இல்லாமல் பார்மிக் அமிலம் ஊற்றிக் கழிவைக் கரைக்கும் வழியும் உண்டு. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அந்த வழியில் வேலை செய்திருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்கிறார்களே, அதே அமிலம்தான். டன் கணக்கில் கழிவு விழும் ஏற்றுமதிக் கூடங்களுக்கு அது தோது. தோலில் பட்டால் வெந்துவிடும், ஆவி கண்ணைக் கரிக்கும். கொல்லையில் பேரப்பிள்ளைகள் ஓடும் வீட்டில் அதற்கு நான் துணிய மாட்டேன்.

இந்தத் தையில் நாலு டிரம் போட்டிருக்கிறேன். இரண்டு எங்களுக்கு, ஒன்று பக்கத்துக் கொல்லைக்காரருக்கு. "மாடு செத்துக் கெடக்கா" என்று கேட்டவர்தான், இப்போது வெல்லத்தை அவரே வாங்கிக் கொடுத்துவிடுகிறார். இன்னொன்று மார்க்கெட் அக்காவுக்கு. அவர் வீட்டு முருங்கைக்கும் நாலு ரோஜாத் தொட்டிக்கும் போக மிச்சத்தை அவர் தங்கை விற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தோறும் கழிவு வாங்கப் போகும்போது அக்காவுக்கு ஒரு முழம் முல்லை கட்டிக்கொண்டு போவேன். மீன் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்குவார். மூக்கருகே கொண்டுபோய் நன்றாக ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தலையில் வைத்துக்கொள்வார்.